நிறைய நேரமாகும் ஃபிளஷ் டேங்க்

ஃபிளஷ் டேங்க் நிறைய 4 நிமிடம் ஆகிறது என்று பிளம்பரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வால்வு போச்சு சார், புதுசு போட்டுடலாம்." போடுவார். சில வீடுகளில் அதன் பிறகு நன்றாக நிறையும், சில வீடுகளில் புது வால்வும் பழையதைப் போலவே அழுது வடியும். கழற்றிய வால்வு குப்பைக்குப் போய்விடும். அதற்குள் என்னதான் கெட்டிருந்தது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால், பல நேரங்களில் எதுவுமே கெட்டிருக்காது. தண்ணீர் வரும் வழியில் ஏதோ ஓரிடம் குறுகியிருக்கும், அவ்வளவுதான். அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க ஒரு லிட்டர் மக், கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், பள்ளிக்கூடத்து இயற்பியல் கொஞ்சம் இருந்தால் போதும். ஸ்பேனரை எடுப்பது அதற்கு அப்புறம்.

தண்ணீர் எந்தத் தெம்பில் டேங்குக்கு வந்து சேர்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் மோட்டார் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடும். அதன் பிறகு குழாய்க்குள் வேலை செய்வது புவியீர்ப்பு மட்டும்தான். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 100 கிராம் எடையாக அழுத்தும். 10 மீட்டர் என்றால் ஒரு கிலோ. தொட்டி ஆயிரம் லிட்டரா, ஐயாயிரமா, அகலமா, ஒடுக்கமா என்பதற்கும் இந்த அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. நீர்மட்டம் எத்தனை உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. 'ஃபோர்ஸ் வரவில்லை' என்று பெரிய தொட்டி வாங்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் பழைய தொட்டியை இரண்டடி உயர்த்தி வைத்திருந்தால் பலன் கிடைத்திருக்கும். ஆனால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. மேடை கட்டுவதற்கு முன் பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மேல்மாடிக் கழிவறையில் வால்வு தரையிலிருந்து சுமார் முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும். கூரை 3 மீட்டரில். அதற்கு மேல் கூரையின் கனம், தொட்டி நிற்கும் மேடை, தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து, நீர்மட்டத்துக்கும் வால்வுக்கும் நடுவே மூன்றரை மீட்டர் தேறும். தரைத்தளத்தில் இதோடு இரண்டு மாடியின் 6 மீட்டர் கூடி ஒன்பதரை மீட்டர். ஏறத்தாழ 2.7 மடங்கு. அப்படியானால் கீழ்வீட்டு டேங்க் 2.7 மடங்கு வேகமாக நிறையுமா? நிறையாது. கலிலியோவின் கடைசி நாட்களில் அவருக்கு உதவியாளராக இருந்த இவாஞ்சலிஸ்டா டோரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி இங்கே குறுக்கே வருகிறது. துளையிலிருந்து பாயும் நீரின் வேகம் மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்து நேராகக் கூடுவதில்லை, அந்த உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. உயரம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான். 2.7-இன் வர்க்கமூலம் சுமார் 1.65. குழாயின் உராய்வை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், கீழ்வீட்டில் ஒரு நிமிடத்தில் நிறையும் அதே டேங்க், அதே வால்வு, மேல்மாடியில் ஒரு நிமிடம் 40 விநாடி எடுத்துக்கொள்ளும்.

இது பழுதே இல்லை. கட்டடத்தின் உயரம் விதித்த வேகம். மேல்மாடிக்காரர் தன் டேங்கைக் கீழ்வீட்டு டேங்கோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருடம் தன் வீட்டில் எத்தனை விநாடியில் நிறைந்தது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த எண் யாரிடமும் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

வழியில் அழுத்தம் எங்கே செலவாகிறது? குழாயை மூடி வைத்திருக்கும்போது எங்குமே செலவாவதில்லை. உள்ளே முக்கால்வாசி அடைத்த குழாய்கூட, தண்ணீர் நகராமல் நிற்கும்வரை கடைசி முனைவரை முழு அழுத்தத்தைக் காட்டும். நகரத் தொடங்கியதும்தான் ஒவ்வொரு குறுகலும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். குழாயைத் திறந்த முதல் நொடியில் தண்ணீர் பீறிட்டு, உடனே நூலாக மெலிவதைப் பார்த்திருப்பீர்கள். அது தொட்டியில் தண்ணீர் குறைந்ததன் அடையாளம் இல்லை. வழியில் எங்கோ ஒரு குறுகல் இருக்கிறது என்பதன் அடையாளம்.

இனி டேங்குக்குள். மூடியைத் திறந்தால் தெரிவது மனிதன் செய்த தானியங்கிக் கருவிகளிலேயே மிகப் பழைய குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிடெசிபியஸ் என்பவர் தன் நீர்க்கடிகாரத்தில் ஒரு மிதவையை வைத்தார். நீர்மட்டம் ஏறினால் மிதவை ஏறி வரத்தை அடைக்கும், இறங்கினால் விடும். மட்டம் மாறாமல் இருந்தால்தான் கடிகாரம் சரியாக ஓடும். ஒரு கருவி தன் விளைவைத் தானே அளந்து தன்னைத் திருத்திக்கொள்வதற்கு வரலாற்றில் கிடைக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டு இதுதான் என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் பனூ மூசா சகோதரர்களும் தங்கள் விசித்திரக் கருவிகளில் மிதவை வால்வைப் பயன்படுத்தினார்கள். உங்கள் வீட்டுக் கழிவறையில் இருப்பது அதே யோசனை.

பழைய மாதிரி பால் காக்கில் ஒரு நீளக் கையும் அதன் முனையில் பந்தும் இருக்கும். 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து பாதி முங்கினால் சுமார் 350 மில்லி தண்ணீரை இடம்பெயர்க்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அந்த 350 கிராம் எடைக்குச் சமமான விசை பந்தை மேலே தள்ளும். பந்தின் சொந்த எடையைக் கழித்தால் கால் கிலோ என்று வையுங்கள். கை நெம்புகோலாக வேலை செய்து அதைப் பத்து மடங்காக்கினால், வால்வின் வாயில் இருக்கும் ரப்பர் வாஷரை இரண்டரைக் கிலோ அழுத்தும். இந்த விசைதான் குழாயிலிருந்து வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது.

இங்கேதான் நம் கதைக்கு வேண்டிய முடிச்சு இருக்கிறது. வால்வின் வாய்த்துளை பெரிதாக இருந்தால் டேங்க் சீக்கிரம் நிறையும், ஆனால் அதை மூட அதிக விசை வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் உள்ள குழாயில் 6 மில்லிமீட்டர் துளையை மூட ஒரு கிலோவுக்கு மேல் விசை தேவை. 3 மில்லிமீட்டர் துளைக்கு 300 கிராம்கூடத் தேவையில்லை. ஆகவே நகராட்சிக் குழாயின் அழுத்தம் நேராக வீட்டுக்குள் வரும் நாடுகளுக்காகச் செய்த வால்வுகளில் துளையைக் குறுக்கிவிடுகிறார்கள். 30 மீட்டர் உயர நீருக்குச் சமமான அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை வழியே 6 லிட்டர் டேங்க் ஒரு நிமிடத்தில் நிறைந்துவிடும். அதே வால்வை நம் மேல்மாடி வீட்டின் மூன்றரை மீட்டரில் மாட்டினால், என் கணக்குப்படி கிட்டத்தட்ட 3 நிமிடம் ஆகும். 6 மில்லிமீட்டர் துளை இருந்தால் அங்கேயே முக்கால் நிமிடம் போதும்.

ஆக, புது வால்வு போட்டும் டேங்க் மெதுவாக நிறைந்தால், வால்வு தவறான வீட்டுக்கு வந்துவிட்டது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கடையில் வாங்கும்போது இது குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் படியுங்கள். 0.3 பார் என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் என்று அர்த்தம். சில வால்வுகளின் அடித்தண்டில் தண்ணீர் நுழையும் இடத்தில், நடுவே துளையிட்ட சின்னப் பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று செருகியிருப்பார்கள். அதிக அழுத்தமுள்ள வீட்டில் இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்தது அது. குறைந்த அழுத்தமுள்ள வீட்டில் அதை எடுத்துவிடலாம் என்று வால்வோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கும். அந்தத் தாளை மாட்டுகிறவரும் படிப்பதில்லை, வீட்டுக்காரரும் படிப்பதில்லை.

புது மாதிரி வால்வுகளில் நீளக் கையும் பந்தும் இல்லை. நின்ற தண்டில் ஏறி இறங்கும் குவளை போன்ற மிதவைதான் இருக்கும். உள்ளே நாணயம் அளவு ரப்பர் சவ்வு, அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. குழாய்த் தண்ணீர் அந்தத் துளை வழியே சவ்வின் பின்னாலும் போய் நிறையும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆனால் பின்பக்கத்தில் அழுத்தம் படும் பரப்பு அதிகம். அதனால் சவ்வு தானே வாயை மூடிக்கொள்ளும். மிதவை இறங்கினால் பின்னறையின் சிறு வடிதுளை திறந்து அங்கே அழுத்தம் சரியும், முன்பக்கத் தண்ணீர் சவ்வைத் தள்ளித் திறக்கும். மூடும் வேலையைக் குழாய்த் தண்ணீரே செய்வதால் மிதவை சிறியதாக இருந்தால் போதும். பால் காக்கில் பந்து மேலே ஏற ஏறத் துளை கொஞ்சம் கொஞ்சமாக மூடும், கடைசி ஒரு லிட்டர் இழுத்துக்கொண்டே போகும். அது அதன் இயல்பு, பழுதாக எண்ண வேண்டாம். சவ்வு வால்வு கடைசிவரை ஒரே வேகத்தில் நிரப்பிவிட்டுச் சட்டென்று நிற்கும். ஆனால் அந்த இரண்டு நுண்துளைகளுக்கும் மணல் பரம எதிரி. வடிதுளை அடைத்தால் சவ்வு சரியாகத் திறக்காது, டேங்க் மெதுவாக நிறையும். சவ்வின் ஊசித்துளை அடைத்தால் வால்வு மூடவே மூடாது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மண் ஒன்றுதான், எந்தத் துளையில் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து நோய் நேர்மாறாகிறது.

மணல் அந்த நுண்துளைகள்வரை போகாமல் இருக்கத்தான் வால்வின் நுழைவாயில் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் இந்தச் சல்லடைதான் மெதுவாக நிறையும் டேங்குகளின் முதல் குற்றவாளி. சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் கூடு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கண்கள் தெரியாது. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் சேறு அப்பியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கரைந்து நிறமில்லாமல் வரும். மேல்தொட்டியில் காற்றின் ஆக்சிஜன் பட்டதும் துருவாகி வண்டலாகத் தங்கும். அந்த வண்டல்தான் இது. சேற்றை விரலால் வழித்தால் உள்ளே மணல், தொட்டியில் துளை போட்டபோது விழுந்த கறுப்புப் பிளாஸ்டிக் சீவல், வெள்ளை நூல்போல ஏதோ ஒன்று. அந்த நூல் டெஃப்லான் டேப்பின் கிழிசல். டெஃப்லான் டேப்பை நம் ஊரில் திருநீறு மாதிரி எல்லா மூட்டிலும் பூசிவிடுகிறார்கள். ரப்பர் வாஷர் உட்காரும் மூட்டில் கசிவைத் தடுப்பது வாஷர்தான், மரை அல்ல. அங்கே டேப்புக்கு வேலையே இல்லை. பிய்ந்து வந்து சல்லடையை அடைப்பதைத் தவிர.

இந்தச் சல்லடை அடைபடுவதில் ஒரு வினோதம் உண்டு. சல்லடைக் கண்களின் மொத்தப் பரப்பு வால்வின் வாய்த்துளையைப் போல 5 மடங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுத்தமான சல்லடையோடு டேங்க் 60 விநாடியில் நிறைகிறது. சல்லடையில் பாதி அடைத்துவிட்டது. இப்போது எத்தனை விநாடி? 120 என்று தோன்றும். உண்மையில் 63. பாதி அடைத்தபோதும் அது வாய்த்துளையைவிட இரண்டரை மடங்கு அகலமாகத்தான் இருக்கிறது. அழுத்தத்தின் பெரும்பகுதி இன்னும் வாய்த்துளையில்தான் செலவாகிறது. 80 விழுக்காடு அடைத்தால் 83 விநாடி. அதுவரை வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. 90 விழுக்காடு அடைத்தால் 2 நிமிடம் 11 விநாடி. 95 விழுக்காட்டில் 4 நிமிடம். வருடக்கணக்கில் மெல்லச் சேர்ந்த மண் கடைசிச் சில வாரங்களில்தான் தன் கைவரிசையைக் காட்டுகிறது. "போன மாசம்வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போச்சு" என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். திடீர் என்று எதுவும் நடக்கவில்லை.

சரி, கைவேலைக்கு வருவோம். முதலில் டேங்கை முழுக்க ஃபிளஷ் செய்துவிட்டு, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதே கழிவறையின் ஹெல்த் ஃபாசெட்டையும் வாஷ்பேசின் குழாயையும் திறந்து பாருங்கள். அவையும் மெலிந்திருந்தால் டேங்கைத் தொடவே வேண்டாம், பிரச்சினை மேலே இருக்கிறது. அவை நன்றாக வந்தால், சுவரிலிருந்து டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். யாரோ ஒரு நாள் பாதி மூடிவிட்டு மறந்ததற்காகப் புது வால்வு வாங்கிய வீடுகள் ஏராளம்.

அடுத்து ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, கனெக்‌ஷன் பைப்பை டேங்கின் பக்கம் கழற்றுங்கள். நட்டைத் திருகும்போது மறுகையால் டேங்குக்குள் இருக்கும் வால்வைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து சுழன்று அடிவாஷர் நகர்ந்துவிடும். பைப்பின் முனையை மக்குக்குள் விட்டு, டேங்கின் உயரத்திலேயே பிடித்தபடி ஆங்கிள் காக்கைத் திறங்கள். தரைக்கு இறக்கினால் அரை மீட்டர் அழுத்தம் கூடுதலாகக் கிடைத்துக் கணக்கு ஏமாற்றும். ஒரு லிட்டர் மக் 10 விநாடிக்குள் நிறைந்தால், 6 லிட்டர் டேங்க் ஒரு நிமிடத்தில் நிறையும் அளவுக்குத் தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது. குறை வால்வுக்குள்தான். அப்படி வராவிட்டால் பைப்பையும் கழற்றி, ஆங்கிள் காக்கின் வாயில் வாளியைப் பிடித்து மெல்லத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் பைப்தான் குற்றவாளி. வெளியே எஃகுப் பின்னல் பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் குழல் மடிந்தோ உப்பியோ பாதி மூடியிருக்கும். அங்கேயும் நூலாக வந்தால் ஆங்கிள் காக்கின் உட்பாகம், அல்லது சுவருக்குள் போகும் குழாய். தொடங்குவதற்கு முன் மொட்டைமாடியில் அந்த வரிசைக்கான கேட் வால்வு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிள் காக்குகள் மூடியதாகப் பாவனை செய்யும்.

குறை வால்வுக்குள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பீங்கான் மூடியை எடுத்துத் தரையில் பழைய துண்டின் மேல் வையுங்கள். அது உடைந்தால் தனியாகக் கிடைப்பது கடினம். அழுத்தும் பொத்தான் உள்ள டேங்குகளில் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகிக் கழற்றிய பிறகே மூடி வரும், இழுக்காதீர்கள். வால்வின் அடித்தண்டுக்குள் இருக்கும் சல்லடையைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால் சேறு போய்விடும். சவ்வு வால்வாக இருந்தால் மேல்மூடியைக் கால் சுற்றுத் திருப்பித் திறந்து சவ்வையும் கழுவுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் பிறகு யோசிக்க வேண்டியிருக்காது.

தேய்த்தும் போகாமல் வெள்ளையாக ஒட்டியிருப்பது உப்புக் கறை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கார்பன் டை ஆக்சைடை இழந்ததும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. போர் தண்ணீர் பல ஊர்களில் இந்த எல்லைக்கு அருகிலோ அதைத் தாண்டியோ இருக்கும். கறையைக் கரைக்க மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி போட்டு, சல்லடையை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் எழும். முன்பு தண்ணீர் இழந்த அதே கார்பன் டை ஆக்சைடின் மிச்சம் வெளியேறுகிறது. கழிவறை கழுவும் ஆசிட்டை இங்கே கொண்டுவராதீர்கள். அதிலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பித்தளையையும் குரோமியப் பூச்சையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் கலந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சிறிதாக உள்ள கழிவறையில் அது விளையாட்டல்ல.

திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு காரியம். கனெக்‌ஷன் பைப்பை வாளிக்குள் விட்டு ஆங்கிள் காக்கைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீரைப் போகவிடுங்கள். கழற்றி மாட்டியதில் உதிர்ந்த துரு அதோடு போய்விடும், இல்லாவிட்டால் இப்போது கழுவிய சல்லடைக்கே நேராக வரும். நட்டைக் கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று. பிளாஸ்டிக் மரைக்கு அதற்கு மேல் ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் நேரம் குறையவில்லையா? டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேயும் போய்க்கொண்டிருக்கலாம். அடியில் ஃபிளஷ் வால்வின் ரப்பர் வளையம் தேய்ந்தால் சிறிய கசிவு இருந்துகொண்டே இருக்கும். வரத்து வலுவாக இருக்கும்வரை அது தெரியாது. வரத்து மெலிந்ததும், நொடிக்கு 15 மில்லி வந்து 10 மில்லி போனால், நிறைய மூன்று மடங்கு நேரம் ஆகும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு துளியை நிறைந்த டேங்கில் விட்டு, ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, அரை மணி நேரம் யாரையும் ஃபிளஷ் செய்ய விடாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வளையத்தை மாற்ற வேண்டும்.

குறை மேலே இருக்கும் வீடுகளில் கதை வேறு. மேல்தொட்டி ஒரு முறை முழுக்கக் காலியாகி மறுபடி நிறைந்த பிறகு ஒரு வரிசைக் குழாய்கள் மட்டும் மெலிந்தால், அது ஏர் லாக். குழாய் மேலேறி இறங்கும் வளைவில் சிக்கிய காற்றைத் தள்ளி வெளியேற்ற மூன்று மீட்டர் அழுத்தத்துக்குச் சில நேரம் திராணி இருக்காது. அந்த வரிசையின் எல்லாக் குழாய்களையும், கீழே இருப்பதிலிருந்து தொடங்கி, முழுதாகத் திறந்து ஓடவிட்டால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். அடிக்கடி வந்தால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஏர் பைப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டின் ஜி.ஐ. குழாய்களுக்கு இப்படிச் சுலபமான வைத்தியம் கிடையாது. உட்புறம் துரு வளர்ந்து அரை அங்குலக் குழாய் கால் அங்குலமானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே போகும் தண்ணீர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். அந்த வீட்டில் எத்தனை வால்வு மாற்றினாலும் டேங்க் சீக்கிரம் நிறையாது. பிளம்பரை அழைத்துக் குழாயை மாற்றச் சொல்லுங்கள். சுவருக்குள் புதைத்த கன்சீல்டு டேங்கில் பொத்தான் தகட்டின் வழியே கைவிட்டு வேலை செய்ய வேண்டும் என்பதால், முதல்முறை செய்கிறவர் அதையும் அவரிடமே விடலாம்.

எல்லாம் சரியானதும், டேங்க் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மறுபடி பார்த்து, அந்த எண்ணையும் தேதியையும் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதிவையுங்கள். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ ஆள் வரும் நாளில், வீட்டுக்கு இறங்கும் கேட் வால்வுகளை மூடிவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். அடியில் கலங்கும் வண்டல் இறங்கும் குழாய் வழியே போகாமல், வடிகால் வழியே போகட்டும். அன்று மாலை டேங்கை ஒருமுறை ஃபிளஷ் செய்து நேரம் பாருங்கள். 60 என்று எழுதியிருக்கும் டேங்க் 70 விநாடி எடுத்துக்கொண்டால், நாம் மேலே போட்ட கணக்குப்படி சல்லடையில் 70 விழுக்காடு ஏற்கெனவே அடைபட்டுவிட்டது.